இடைவேளைக்குப் பிறகு

தலைச்சாயம் நாற்பது நிமிடம் ஊற வேண்டும் என்று டப்பாவில் போட்டிருக்கிறது, பதினொன்று முப்பத்தைந்துக்குப் பூசி முடித்தேன், ஆக பன்னிரண்டேகால் வரை நான் எங்கேயும் சாய முடியாது, படுக்க முடியாது, சோபாவில் தலை பட்டுவிடும், தலையணையில் கறை ஒட்டிவிடும், பாத்ரூம் வாசலில் இந்தப் பிளாஸ்டிக் ஸ்டூலில் பழைய நைட்டியும் தோளில் கிழிந்த துண்டுமாக நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். நாலு மணிக்கு ஷூட்டிங். மூன்று மணிக்கு ஃபர்சானா வண்டி அனுப்பிவிடுவாள், அவள் சொன்ன நேரத்துக்குச் சொன்னதைச் செய்கிறவள், என்னுடைய நிகழ்ச்சி ஐந்து வருஷமாக ஓடுகிறதென்றால் அது அவளால்தான், நான் நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிறேன், மற்ற எல்லாமே அவள். இன்றைக்கு இருநூறாவது எபிசோடு. கேமராவுக்கு வகிட்டு நரை தெரியக் கூடாது என்று அவள்தான் சொன்னாள், லைட் நேரே உச்சியில் விழுகிறதாம், அக்கா ப்ளீஸ் என்றாள். கையில் உறை மாட்டியிருக்கிறேன், உறையெல்லாம் கருப்பு. வாஷ்பேசின் மேல் போன் கிடக்கிறது, அதைத் தொட முடியாது, தொட முடியாது என்பது எனக்கு இப்போது எவ்வளவு வசதியாக இருக்கிறது. தொட்டால் திரும்பவும் கேட்பேன். மூன்று தடவை கேட்டாயிற்று. நாலாவது தடவை கேட்டால் அதில் என்ன மாறிவிடப் போகிறது, அந்தக் குரல் அதையேதான் சொல்லும், ஒரு நிமிஷம் பன்னிரண்டு விநாடி, நடுவில் ஒரு இருமல், பின்னால் ரயில் அறிவிப்பு மாதிரி ஏதோ ஒன்று.

ஃபர்சானா காலையில் அனுப்பினாள். நிகழ்ச்சியின் நம்பருக்கு வந்ததாம், இவங்க யாருக்கா, கேட்டுப் பாருங்க, நமக்கு யூஸ் ஆகும்போல இருக்கு என்று கீழே எழுதியிருந்தாள், அவர்கள் நம்பரையும் ஒரு பூவையும் போட்டிருந்தாள். நான் பல் தேய்த்துக்கொண்டே கேட்டேன். "வணக்கம் மேடம், என் பேரு ஜெயக்கொடி, அரக்கோணத்துல இருக்கேன், டெலிபோன் ஆபீஸ்ல இருந்து ரிட்டையர் ஆனவ. உங்க இருநூறாவது ப்ரோக்ராமுக்கு உமையாள் அக்கா வர்றாங்கன்னு விளம்பரம் பார்த்தேன். 'அடையாளம்' நாடகத்துல அன்னைக்கு அவங்களுக்கு இடைவேளையில கால் பிசகிடுச்சு. அதுக்கப்புறம் அந்த அம்மா வேஷம் போட்டது நான்தான் மேடம். பத்திரிகையில பேரு மாறிப்போச்சு, அது பரவாயில்ல. நீங்க அன்னைக்கு என்னைப் பார்த்து எழுதினதை நான் லேமினேஷன் பண்ணி வெச்சிருக்கேன். என் பேத்தி இப்ப ஸ்கூல் நாடகத்துல சேர்ந்திருக்கா, பாட்டி நீயாவது நடிக்கிறதாவதுன்னு சிரிக்கிறா. நீங்க ப்ரோக்ராம்ல ஒரே ஒரு வார்த்தை, இன்னாரும் நடிச்சாங்கன்னு சொன்னாப் போதும். தொந்தரவா இருந்தா மன்னிச்சுக்கோங்க." என்னைப் பார்த்து எழுதினதை. அந்த இடத்தில்தான் வாயிலிருந்து பேஸ்ட் நுரை வழிந்து நைட்டியில் விழுந்தது. பேர் மாறியதை அவள் மன்னித்துவிட்டாள். அவள் மன்னிக்காமல் விட்டது எதுவும் இல்லை, ஏனென்றால் மன்னிக்க வேண்டியது என்னவென்றே அவளுக்குத் தெரியாது. நான் அவளைப் பார்க்கவில்லை. இடைவேளைக்குப் பிறகு நான் அந்த அரங்கத்திலேயே இல்லை.

மழை பெய்தது. அப்படித்தான் எனக்குள் நான் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன், தொண்ணூற்றெட்டு ஆகஸ்ட், சனிக்கிழமை, கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளிக்கூட அரங்கம், தகரக் கூரை, மழை வரப் போகிறது, பஸ் கிடைக்காது, அதனால் கிளம்பினேன். பிறகு ஒருநாள் தற்செயலாக அந்த வருஷத்து டைரியைப் புரட்டியபோது அந்த வாரம் முழுக்கத் தண்ணீர் லாரிக்காக நின்றதைத்தான் எழுதியிருந்தேன், ஒரு சொட்டு மழை இல்லை. அப்புறம் மழையை விட்டுவிட்டுக் காய்ச்சலைப் பிடித்துக்கொண்டேன். என் மகள் ஷைனிக்கு அப்போது மூன்று வயது, உடம்பு அனலாகக் கொதித்தது, தாய் மனது கேட்குமா. ஆனால் ஷைனி அந்த மாதம் பாளையங்கோட்டையில் அம்மா வீட்டில் இருந்தாள், நன்றாக, கொழுகொழுவென்று, தினமும் இரண்டு முட்டை சாப்பிட்டுக்கொண்டு. இருபத்தேழு வருஷத்தில் ஒரு மனுஷி எத்தனை காரணம் தயார் பண்ண முடியும். எனக்குப் போரடித்தது. அவ்வளவுதான் நடந்தது. முதல் பாதி முழுக்க ஒரு போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சு, மகனைத் தேடி வந்த ஒரு தாய், ஒரு ஏட்டு, பேச்சு, மவுனம், திரும்பப் பேச்சு. மின்விசிறி எனக்கு மேலே ஓடவில்லை. ரவிக்கை முதுகில் ஒட்டியிருந்தது. இடைவேளை விட்டதும் வெளியே வந்து காற்று வாங்கினேன், வாசலில் நின்றேன், எதிரே ஹோட்டல் போர்டு எரிந்தது, சாலையைக் கடந்தேன். ரவா தோசை சொன்னேன். உள்ளே மணி அடித்தது எனக்குக் கேட்டது, கேட்டுக்கொண்டேதான் சட்னி இன்னும் கொஞ்சம் கேட்டேன். சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக. கை கழுவிவிட்டு வந்தால் பஸ் நின்றுகொண்டிருந்தது, உட்கார இடம் இருந்தது, ஜன்னலோரம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை கட்டுரை கொடுத்தாக வேண்டும். வாரப் பத்திரிகையில் நாடகப் பக்கம் என்னிடம் வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது, அதற்கு முன்னால் கோலப்போட்டி முடிவுகளும் வாசகர் கடிதமும் பார்த்துக்கொண்டிருந்தேன், ஒரு பெண்ணுக்கு அந்தப் பக்கத்தைக் கொடுத்ததே ஆசிரியருக்குப் பெரிய காரியமாகப் பட்டது. இயக்குநர் நல்லசிவன் வீட்டில் போன் எடுக்கவில்லை. ஆனால் ஒரு வாரம் முன்பு ஒத்திகைக்குப் போயிருந்தேன், கடைசிக் காட்சியை மட்டும் போட்டுக் காட்டினார். ஏட்டு ஒரு பெட்டியிலிருந்து செத்துப்போன பையனின் பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்து வாசிக்கிறார், சீப்பு, பஸ் பாஸ், கட்டம் போட்ட சட்டை. தாய் நமக்கு முதுகைக் காட்டியபடி நிற்கிறாள். கடைசிவரை திரும்புவதில்லை, பேசுவதில்லை, விளக்கு அணைகிறது. ஒத்திகையில் உமையாள் அப்படி நின்றாள், சுடிதாரில், நடுவில் ஒருமுறை கொசு அடித்துக்கொண்டு. அதை வைத்து எழுதினேன். 'அந்தத் தாய் கடைசிவரை திரும்பவே இல்லை. அவள் முதுகு அழுதது. முகத்தை நமக்குத் தர மறுத்ததில் இருந்தது அவள் துக்கத்தின் கண்ணியம். அரங்கத்தில் ஒருவர்கூட மூச்சு விடவில்லை.' மூச்சு விடவில்லை! நான் வயிறு நிறைய மூச்சு விட்டுக்கொண்டு பஸ்ஸில் இருந்தேன். ஆசிரியர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். 'முதுகு அழுதது' என்று அவரே தலைப்பு வைத்தார். அந்த வாரம் நூற்றுப்பத்துக் கடிதம் வந்தது. நாடகம் இருபது ஊருக்குப் போனது. உமையாளைத் தேடி சினிமாக்காரர்கள் வந்தார்கள், எந்த மேடையில் அவளை அறிமுகப்படுத்தினாலும் முதுகால் அழுதவர் என்றுதான் ஆரம்பிப்பார்கள், அதை எழுதியவர் என்று என்னையும் சொல்வார்கள், நாங்கள் இருவரும் எழுந்து கும்பிடுவோம். எத்தனை தடவை கும்பிட்டிருப்போம். ஒருதடவைகூட அவள் என் கண்ணைப் பார்த்ததில்லை, நானும் அவள் கண்ணைப் பார்த்ததில்லை, இரண்டு பேருக்கும் அதற்குக் காரணம் இருந்தது.

ஏனென்றால் எனக்குப் பத்து நாளில் தெரிந்துவிட்டது. நல்லசிவன் ஆபீசுக்கே போன் பண்ணினார். "சுகிர்தா, கட்டுரை பிரமாதம்மா" என்றார். பிறகு கொஞ்சம் இருமினார். "ஒண்ணு கேக்கணும். ரெண்டாவது பாதி நீங்க இருந்தீங்கல்ல?" இருந்தேன் சார் என்றேன். நாக்கு தானாகச் சொல்லிவிட்டது, ஒரு நொடிகூட யோசிக்கவில்லை, யோசிக்காமல் வந்ததுதான் இன்றைக்கும் என்னைக் கூச வைக்கிறது, யோசித்துச் சொன்ன பொய்யாக இருந்தால் என்னை நான் கொஞ்சம் மதிப்பேனோ என்னவோ. அவர் சிரிக்கவில்லை. "இடைவேளைக்கு அப்புறம் உமையாள் ஏறலைம்மா, படியில கால் பிசகிடுச்சு. நம்ம ஜெயக்கொடிதான் ஏறினா, ஒத்திகையில வசனம் எடுத்துக் கொடுக்கிற பொண்ணு, துணியெல்லாம் தைக்குமே. சரி விடுங்க. எல்லாம் நாடகத்துக்கு நல்லதுதான்." போனை வைத்துவிட்டார். அவருக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு இருபது வருஷம் உயிரோடு இருந்தார், என்னைப் பார்க்கும்போதெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தார், அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, பேசியிருந்தால் தேவலை. ஒரு வரி போதும். பக்கத்தின் ஓரத்தில், பொடி எழுத்தில், திருத்தம் என்று போட்டு, இரண்டாம் பாதியில் நடித்தவர் ஜெயக்கொடி. ஆனால் போட்டால் ஆசிரியர் கேட்பார், மேடையில் ஆள் மாறியது உனக்குத் தெரியலையா என்று. நாடகப் பக்கம் என்னை விட்டுப் போய்விடும். பக்கத்தைக் காப்பாற்றிக்கொண்டேன். அந்த மாதமே ஒரு கடிதமும் வந்தது, நீல இன்லண்ட், குண்டு குண்டு எழுத்து. பேரைப் பற்றி ஒன்றுமில்லை. 'நீங்கள் எனக்காகச் செய்ததை நான் சாகிறவரை மறக்க மாட்டேன், இப்படிக்கு ஜெயக்கொடி.' நான் அதைக் குத்தல் என்று நினைத்தேன். எனக்கு என்ன செய்தாய் பார்த்தாயா என்று கேட்கிறாள் என்று நினைத்தேன். ஆபீசிலேயே கிழித்தேன், நாலாக, எட்டாக, பதினாறாக, மிச்ச டீயில் போட்டேன், நீலம் கரைந்து டீயின் நிறம் மாறுகிறவரை பார்த்துக்கொண்டிருந்தேன். பதில் எழுதவில்லை.

காதுக்குப் பக்கத்தில் எரிகிறது, அங்கே கொஞ்சம் அதிகமாகப் பூசிவிட்டேன்போல. பக்கத்து ஃப்ளாட்டில் வாஷிங் மெஷின் உதறுகிறது. பன்னிரண்டுக்கு இன்னும் ஐந்து நிமிஷம். அந்த 'அடையாளம்' நாடகத்துக்குப் பிறகு நான் ஒரு நாடகத்தில்கூட நடுவில் எழுந்ததில்லை, இதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருக்கும், சொல்ல முடியாது. எவ்வளவு மோசமான நாடகமானாலும் கடைசி விளக்கு அணைகிறவரை உட்கார்ந்திருப்பேன், வயிற்றுப்போக்கோடு உட்கார்ந்திருக்கிறேன், அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது உட்கார்ந்திருக்கிறேன், சுகிர்தா மேடம் மாதிரி மரியாதை தெரிந்த விமர்சகர் கிடையாது என்று சின்னச் சின்னக் குழுக்காரர்கள்கூட மேடையில் சொல்வார்கள், அப்போதெல்லாம் வாயில் அந்தச் சட்னி ருசி வரும். பத்திரிகை நின்றது. ஒரு வெள்ளிக்கிழமை கூப்பிட்டு இதுதான் கடைசி இதழ் என்றார்கள், இருபத்திரண்டு வருஷத்து நாடகப் பக்கத்தை இரண்டு அட்டைப்பெட்டியில் ஆட்டோவில் கொண்டுவந்தேன். நாடகத்துக்கு யூடியூபில் யார் வருவார்கள் என்று எல்லாரும் சொன்னபோது ஃபர்சானாதான் வந்தாள், நான் பேர் வைத்தேன், 'மூன்றாவது மணி', நாடகம் தொடங்குவதற்கு அடிக்கிற மணி. ஐந்து வருஷம், நூற்றுத் தொண்ணூற்றொன்பது பேர். கூத்துக்காரர், சபா நாடகக்காரர், ஒப்பனைக்காரர், திரை இழுத்தவர். எல்லாரிடமும் நான் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான், நீங்கள் மேடையில் செய்த பெரிய தப்பு என்ன. சிரித்துக்கொண்டே கேட்பேன், கொஞ்சம் முன்னால் சாய்ந்து. அவர்களும் சொல்வார்கள், பாவம். எழுபது வயசுக் கலைஞர் ஒருவர் அழுதேவிட்டார், அந்தத் துண்டைத் தனியாக வெட்டிப் போட்டோம், மூன்று லட்சம் பேர் பார்த்தார்கள். என்னிடம் யாரும் திருப்பிக் கேட்டதில்லை. நல்லசிவன் அஞ்சலிக் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள், பேசினேன், அவர் படத்துக்கு முன்னாலேயே நின்று அந்த வரியைச் சொன்னேன், முதுகு அழுதது என்று, கைதட்டினார்கள். மாலை போட்ட படத்தில் அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார், ரெண்டாவது பாதி நீங்க இருந்தீங்கல்ல.

இப்போது என்ன செய்வது. மூன்று வழி இருக்கிறது. கேட்காத மாதிரி இருந்துவிடலாம், ஃபர்சானாவிடம் யாரோ ஏதோ சொல்கிறார்கள் என்று சொல்லிவிடலாம், இருபத்தேழு வருஷமாக அதைத்தானே செய்கிறேன். இல்லையென்றால் பெருந்தன்மையாக அவள் பேரைச் சொல்லலாம், ஆமாம் அன்றைக்கு நான் பார்த்தது உண்மையில் ஜெயக்கொடி என்ற அற்புதமான கலைஞரை, அச்சில் தவறிவிட்டது, இன்று திருத்துகிறேன் என்று கண் கலங்கச் சொல்லலாம். எல்லாருக்கும் நல்லது. அவள் பேத்தி பார்ப்பாள். எனக்குக்கூட அதில் ஒரு பெருமை கிடைக்கும், சுகிர்தா எவ்வளவு நேர்மை பாருங்கள் என்று கீழே எழுதுவார்கள். அப்படி நினைத்தவுடன் என்னை எனக்கே பிடிக்கவில்லை. ஏனென்றால் அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. மூன்றாவது வழியை முழுசாக நினைக்கக்கூட முடியவில்லை, நினைக்கப் போனாலே மூளை மழை, காய்ச்சல் என்று பழைய பாதைக்கு ஓடுகிறது. அதைச் சொன்னால் நான் மட்டுமா போவேன், அவள் லேமினேஷன் போட்டு வைத்திருக்கிறாளே, அதுவும் போய்விடுமே, அவள் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை ஒருத்தி அவளைப் பார்த்தாள் என்று நம்பிக்கொண்டிருக்கிறாளே. இது அவளுக்காகவா, எனக்காகவா? அவளுக்காக என்று சொல்லிக்கொள்ள எவ்வளவு சுலபமாக இருக்கிறது. சரி, இரண்டாவது வழி. போன் பண்ணி அன்பாக நாலு வார்த்தை பேசிவிடுவோம், ஷோவில் பேரைச் சொல்கிறேன் என்று சொல்லிவிடுவோம், அவளும் சந்தோஷப்படட்டும். வலது கை உறையைக் கழற்றினேன். விரல் வேர்த்து ஊறிச் சுருங்கியிருந்தது. போனைத் தலைக்குப் பக்கத்தில் வைக்க முடியாது, வாஷ்பேசின் மேலேயே வைத்து ஸ்பீக்கரில் போட்டேன். நாலு ரிங் போனது, எடுக்க மாட்டாள், நல்லது, வைத்துவிடலாம் என்று விரலை நீட்டும்போது எடுத்துவிட்டாள்.

"ஹலோ, யாருங்க?"

"நான் சுகிர்தா பேசறேன். 'மூன்றாவது மணி'."

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் கீழே வைத்த சத்தம். "மேடமா! நீங்களேவா? ஐயோ, நான் யாரோ கஸ்டமர் கேர்னு நினைச்சேன். ஒரு நிமிஷம் மேடம், மிக்ஸியை நிறுத்திடறேன்." வந்தாள், மூச்சு வாங்கியது. நான் தயார் பண்ணி வைத்திருந்ததை ஆரம்பித்தேன், உங்க மெசேஜ் கேட்டேன், எனக்கு ரொம்ப, அன்னைக்கு உங்களைப் பார்த்தது, என்று தொடங்குவதற்குள் அவள் இடையில் புகுந்தாள், அவள் பேசுவதற்கு இருபத்தேழு வருஷமாகக் காத்திருந்தவள் இல்லையா. "மேடம், நான் முதல்ல உங்ககிட்ட ஒண்ணு சொல்லிடணும். மெசேஜ்ல சொல்ல முடியல, வெக்கமா இருந்துச்சு. நான் அன்னைக்குத் திரும்பிட்டேன் மேடம். நீங்க பார்த்தீங்க, ஆனா திரும்பலைன்னு எழுதினீங்க. என்னைக் காப்பாத்துறதுக்காக அப்படி எழுதினீங்கன்னு எனக்கு அப்பவே தெரியும். அதுக்குத்தான் லெட்டர் போட்டேன்."

நான் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டேன். திரும்பினாளா. அந்தக் கடைசிக் காட்சியில் திரும்பினாளா.

"நல்லசிவன் சார் உள்ள வந்ததும் அப்படித் திட்டினாரு மேடம். நாடகத்தையே கெடுத்துட்டேன்னாரு. நான் அழுதுகிட்டே வீட்டுக்குப் போனேன். அப்புறம் உங்க கட்டுரை வருது, திரும்பவே இல்ல, அதுலதான் கண்ணியம் இருந்துச்சுன்னு. பார்த்தியா, இவ்வளவு பெரிய ஆளு, நம்ம தப்பை மூடி மறைச்சு எழுதியிருக்காங்களேன்னு நினைச்சேன். மறைக்கிற அளவுக்குப் பெரிய தப்பு போலன்னும் நினைச்சேன். சார் அப்புறம் ரெண்டு தடவை கூப்பிட்டாரு, சின்ன வேஷம்தான், நான்தான் போகல. நமக்கு இது வராதுன்னு விட்டுட்டேன். ஆனா உங்களை விடல மேடம். வெள்ளிக்கிழமை விளக்கு ஏத்தும்போது உங்க பேரையும் சொல்லிக் கும்பிடுவேன்."

இதற்கு மேல் எப்படி அந்தப் பொய்யைத் தூக்கிக்கொண்டு நிற்பது. நின்றிருப்பேன், எனக்குத் தெரியும் என்னைப் பற்றி, ஆனால் என்னவென்று நிற்பது என்றே தெரியவில்லை, ஆமாம் உங்களைக் காப்பாற்றத்தான் எழுதினேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன், திறந்த வாயில் வேறொன்று வந்தது. "நான் பார்க்கலைங்க."

"எதை மேடம்?"

"உங்களை. நீங்க நடிச்சதை. இடைவேளையிலேயே நான் கிளம்பிட்டேன். ஒத்திகையில உமையாள் நின்னதை வெச்சு எழுதினேன். நீங்க திரும்பினது எனக்கு இப்ப நீங்க சொல்லித்தான் தெரியும்."

போன் திரையில் விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன, லைன் இருக்கிறது. பிறகு, ரொம்பச் சின்னக் குரலில், எனக்கு உதவுகிற மாதிரி, "வீட்ல ஏதாவது அவசரமா மேடம்? குழந்தைக்கு முடியலையா?" என்றாள். நான் இத்தனை வருஷம் எனக்குச் சொல்லிக்கொண்டதை அவளே எடுத்து என் கையில் கொடுத்தாள். ஆமாம் என்றால் போதும், பிடித்துக்கொண்டு கரையேறிவிடலாம், அவளும் அதைத்தான் விரும்பினாள், எனக்காக இல்லை, தனக்காக. "இல்லைங்க" என்றேன். "போரடிச்சுது. எதிர்ல ஹோட்டல்ல சாப்பிட்டுட்டு பஸ் ஏறிட்டேன்."

திரும்ப ஸ்டூலில் உட்கார்ந்தேன். ஏதாவது கேட்க வேண்டும் என்று கேட்டேன், "ஏன் திரும்பினீங்க?"

"அந்தச் சட்டை மேடம்." மூக்கை உறிஞ்சினாள். "ஏட்டு எடுத்துக் காட்டுவாரே, கட்டம் போட்ட சட்டை, அது என் தம்பியோடது. நாடகத்துக்குன்னு நான்தான் வீட்ல இருந்து எடுத்துட்டு வந்தேன். அவன் அப்ப துபாய்ல இருந்தான், ரெண்டு மாசமா லெட்டர் இல்ல. ஒத்திகையில எல்லாம் எனக்கு ஒண்ணும் தோணல, வசனம்தானே எடுத்துக் கொடுப்பேன். அன்னைக்கு முதுகைக் காட்டி நிக்கிறேன், பின்னால அவரு வாசிக்கிறாரு, கட்டம் போட்ட சட்டை ஒண்ணு, மேல் பட்டன் மட்டும் வேற நிறம்னு. அந்தப் பட்டனை நான்தான் தைச்சேன். என்னால நிக்க முடியல, திரும்பிட்டேன். போய் சட்டையை வாங்கி, தோள்ல இருந்து தோள் வரைக்கும் கையால அளந்து பார்த்தேன். 'இது அவனுக்குச் சின்னதாச்சே'ன்னு சொல்லிட்டேன். வசனத்துல அது இல்ல. ஏட்டா நடிச்சவரு பயந்துட்டாரு. விளக்கை அணைச்சுட்டாங்க. தம்பி நல்லாத்தான் இருந்தான் மேடம், அடுத்த வாரம் லெட்டர் வந்துச்சு." கொஞ்சம் நிறுத்தினாள். "நான் திரும்பினது தப்பா மேடம், சரியா? இத்தனை வருஷமா அதை நான் உங்ககிட்டத்தான் கேக்கணும்னு இருந்தேன்."

இது அவனுக்குச் சின்னதாச்சே. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது, ஐயோ, பிரமாதம், அதுதான் நாடகம், என் கட்டுரை முழுசையும் அந்த ஒரு வரிக்குக் கீழே போட்டுப் புதைக்கலாம் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது, எப்படிச் சொல்வது என்பதுகூட வரிவரியாகத் தயாராகிவிட்டது, தலைப்புகூட வந்துவிட்டது. அப்போதுதான் உறைத்தது. திரும்பவும் பார்க்காத ஒன்றுக்கு விமர்சனம் எழுதப் போகிறேன். அவள் எப்படிச் சொன்னாள், சத்தமாகவா, முனகலாகவா, கூட்டம் சிரித்ததா, யாராவது அழுதார்களா, எனக்கு என்ன தெரியும். "எனக்குத் தெரியாதுங்க" என்றேன். "நான் அங்க இல்ல. சொல்றதுக்கு எனக்கு உரிமை இல்ல." அதைச் சொல்வதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது, அடக்கினேன், இந்த நேரத்தில் நான் அழுவது அவளிடமிருந்து இன்னொன்றைப் பிடுங்குவது மாதிரி.

"உமையாள் அக்கா பார்த்தாங்க" என்றாள் அவள், யோசித்து யோசித்து. "சைடுல ஸ்டூல் போட்டு, கால்ல ஈரத்துணி சுத்திக்கிட்டு உக்காந்திருந்தாங்க. நான் உள்ள வந்தப்ப அவங்க முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டாங்க. அப்ப அவங்களும் திட்டுறாங்கன்னு நினைச்சேன். இப்ப நீங்க சொல்றதைக் கேட்டா, எதை எப்படி எடுத்துக்கிறதுன்னே தெரியல." பிறகு குரல் மாறியது, கோபம் என்று சொல்ல முடியாது, கடையில் தவறான சாமானைத் திருப்பிக் கொடுக்கிற குரல். "மேடம், நான் மெசேஜ்ல கேட்டேன் இல்ல, என் பேரைச் சொல்லச் சொல்லி. வேணாம். நீங்க சொல்லாதீங்க. பார்த்தவங்க சொன்னா சொல்லட்டும். அடுப்புல வேலை இருக்கு, வெச்சிடறேன்." மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மன்னிக்கவில்லை என்றும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை விளக்கு முன்னால் இனி யார் பேரைச் சொல்வாள் என்று ஒரு அற்பமான நினைப்பு வந்தது எனக்கு, அந்த நேரத்திலும் எனக்கு என்னைப் பற்றித்தான் வந்தது.

எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. மூன்றாவது வழியை இப்போது முழுசாக நினைக்க முடிந்தது, அது அப்படியொன்றும் பெரியதாக இல்லை, ஒரு சாலையின் அகலம், ஒரு ஹோட்டல், ஒரு பஸ். பயமாகத்தான் இருந்தது. உமையாள் எழுந்து போய்விடலாம். இருநூறாவது எபிசோடோடு கடை மூடிவிடலாம். இருபத்தேழு வருஷம் நான் எழுதிய ஒவ்வொன்றையும் எடுத்துவைத்து இதுக்காவது இருந்தாயா என்று கேட்பார்கள், கேட்க வேண்டியதுதான், மற்ற எல்லாவற்றுக்கும் இருந்தேன் என்று சொன்னால் யார் நம்புவார்கள், நானே நம்பியிருக்க மாட்டேன். போனில் ஃபர்சானாவின் பேரை அழுத்தினேன்.

"சொல்லுங்கக்கா. ரெடியாயிட்டீங்களா? அந்த அரக்கோணம் அம்மாகிட்ட பேசினீங்களா?"

"பேசினேன். ஃபர்சானா, இன்னைக்கு முதல் கேள்வி நான் கேக்கப் போறதில்ல. நீ கேமராவுக்கு முன்னால வந்து உக்காந்து என்னைக் கேளு."

"நானா? என்ன கேக்கணும்?"

"'அடையாளம்' நாடகத்தன்னைக்கு இடைவேளைக்குப் பிறகு எங்க இருந்தீங்கன்னு கேளு. நான் சொல்லி முடிச்சதும் உமையாள்கிட்ட நீங்க என்ன பார்த்தீங்கன்னு கேளு. அவங்க சொன்னா சொல்லட்டும். பேரெல்லாம் நீயா எடுத்துக் கொடுக்காதே."

ஃபர்சானா கெட்டிக்காரி. எதற்கு, ஏன் என்று ஒன்றும் கேட்கவில்லை. பிறகு மெதுவாக, ஆஸ்பத்திரியில் பேசுகிற மாதிரி, "சரிக்கா" என்றாள். "ஆனா ஒண்ணு. இது ரெக்கார்டிங்தானே, ரெண்டு மூணு டேக் எடுத்துக்கலாம். அப்புறமா போட்டுப் பார்த்துட்டு, வேணாம்னு தோணிச்சுன்னா எடிட்ல எடுத்துடலாம்."

"அதான் பயம்" என்றேன். "ரெக்கார்டிங்னா சாயங்காலத்துக்குள்ள நானே வந்து வெட்டச் சொல்லுவேன். லைவ் போடு."